ஈயம் மிதக்கும் ஊர்

மெனிண்டீ

டார்லிங் ஆற்றுப் பாலம் வந்ததும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கலங்கல் தண்ணீர், கரையில் பட்டை உரிந்த யூகலிப்டஸ் மரங்கள், கிளை நிறைய வெள்ளைக் கிளிகள். பாலம் முடிந்த கையோடு பசுமையும் முடிந்தது. அதற்குப் பிறகு செம்மண்ணும் சாம்பல் பூத்த உப்புச்செடியும்தான். எப்போதாவது ஒரு எமு, ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடிவந்து நின்றுவிடும்.

நான் சிவகங்கைக்காரன். வானம் பார்த்த பூமி எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் வறட்சியில் ஆள் புழக்கம் உண்டு. வற்றிய கண்மாயிலும் ஆடு மேயும், கரையில் ஐயனாரின் குதிரை நிற்கும், தூரத்தில் யாராவது சைக்கிளில் போவார்கள். இங்கே மனிதக் கை பட்ட அடையாளம் தண்டவாளமும் கம்பி வேலியும் மட்டுமே.

எதிர் இருக்கையில் ஒரு மூதாட்டி. சிட்னியில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர். பை நிறைய ஆரஞ்சு வைத்திருந்தார், உரித்து உரித்துக் கொடுத்தார். ப்ரோக்கன் ஹில்லுக்கு எதற்கு என்று கேட்டார். தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிப்பதைப் பார்க்கப் போகிறேன் என்றேன். ஆரஞ்சை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “என் வீட்டுக்காரர் ஆயுசு முழுக்க அந்த நுரையைத்தான் பார்த்தார். சாப்பிட உட்கார்ந்தால்கூட இன்றைக்கு நுரை எப்படி வந்தது என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.” இறங்குவதற்குள் அவருடைய கணவரோடு வேலை பார்த்த ஒருவரின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் பக்கம் டாமின் நிறுவனம் கிராபைட் எடுக்கிறது. பாறையோடு கலந்து கிடப்பதை அரைத்து, தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காற்றை ஊதினால் கறுப்பு நுரை பொங்கி வரும். அந்த நுரைதான் சரக்கு. கிராபைட்டின் மேற்பரப்பு இயல்பிலேயே தண்ணீரை ஒட்டவிடாது, குமிழி வந்தால் ஏறிக்கொள்ளும். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து பெசல் சகோதரர்கள் 1877-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். ஈயத் தாதுவான கலீனா வேறு சாதி. தண்ணீரைப் போல ஏழரை மடங்கு கனம், தண்ணீரோடு ஒட்டும் சுபாவம். அதையும் குமிழியில் ஏற்றி, ஒரு பெருந்தொழிலாக நடத்திக்காட்டிய ஊர் ப்ரோக்கன் ஹில்.

ப்ரோக்கன் ஹில்: தெருக்கள்

ஊர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கிறது, கடிகாரமோ தெற்கு ஆஸ்திரேலியாவின் நேரத்தில் ஓடுகிறது. சிட்னி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், அடிலெய்ட் ஐந்நூறு. தாது கடலுக்குப் போன வழியும் அந்தப் பக்கம்தான்.

தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் போதும், வேதியியல் வகுப்பு முடிந்துவிடும். ஆர்ஜென்ட், ஆக்சைடு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு, சல்பைடு, கலீனா, பிளெண்ட். எந்த மன்னருக்காகவும் வைத்த பெயர்கள் அல்ல இவை. பூமிக்கு மேலே காற்றும் மழையும் பட்டுச் சிதைந்த பகுதியில் வெள்ளி குளோரைடாகவும் அயோடைடாகவும் கிடைத்தது. அதற்குக் கீழே தோண்டத் தோண்ட சல்பைடு. தொழிற்சங்க மாளிகை சல்பைடு தெருவும் பிளெண்ட் தெருவும் சந்திக்கும் மூலையில் நிற்கிறது. 1919-இல் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்காலம் வேலைநிறுத்தம் செய்து வாரத்துக்கு 35 மணி நேர வேலையை வாங்கியவர்கள் இந்த ஊர்த் தொழிலாளர்கள். உலகத்தின் பெரும்பகுதிக்கு அது இன்றும் எட்டாத கணக்கு.

மத்தியானம் ஒரு பழைய கடையில் சீஸ் ஸ்லா வைத்த ரொட்டி. துருவிய காரட், துருவிய பாலாடைக்கட்டி, மயோனைஸ். இந்த ஊரின் சொந்தப் பண்டம் என்று பரிமாறிய பெண் அழுத்திச் சொன்னார். பிறகு குவாண்டாங் என்ற பாலைவனப் பழத்தில் செய்த பை. அந்தப் புளிப்பு இலந்தைவடையை நினைக்க வைத்தது, இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ப்ரோக்கன் ஹில்: கரிய மேடு

ஊரின் நடுவே நீளமாக ஒரு கரிய மேடு கிடக்கிறது. முதலில் மலை என்றுதான் நினைப்போம். அசல் மலையைத் தோண்டித் தின்றாகிவிட்டது. இது தாது எடுத்த மிச்சம். 1883-இல் சார்ல்ஸ் ராஸ்ப் என்ற ஆட்டுப்பண்ணை வேலியாள் மலைமுகட்டின் கறுத்த பாறையை வெள்ளீயத் தாது என்று எண்ணி, கூட்டாளிகள் ஆறு பேரோடு இடம் குறித்தார். கிடைத்தது வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும். 1885-இல் பிஎச்பி நிறுவனம் பிறந்தது.

மேட்டின் உச்சியில் சுரங்கத்தில் மாண்டவர்களுக்கான நினைவிடம். எண்ணூறுக்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொன்றோடும் எப்படி இறந்தார் என்ற குறிப்பு. படித்துக்கொண்டே போக முடியவில்லை, நடுவில் வெளியே வந்து நின்றேன். கீழே தகரக் கூரைகளும் அவற்றுக்கு அப்பால் எல்லையே இல்லாத செம்மண்ணும்.

மேல் மண்ணில் கிடைத்த தாதுவை நேராக உலையில் போட்டு உருக்கினார்கள். 1890-களில் சல்பைடு அடுக்கு வந்ததும் திணறல் தொடங்கியது. அதுவரை மனிதனுக்குத் தெரிந்த வழி கனத்தை வைத்துப் பிரிப்பது. நம் வீட்டில் அரிசியைத் தண்ணீரில் அரித்துக் கல்லை அடியில் தங்கவிடுகிறோமே, அதே முறைதான். கலீனா கனமானது, அடியில் தங்கிவிட்டது. துத்தநாகத்தைக் கொண்டிருக்கும் ஸ்பேலரைட்டின் ஒப்படர்த்தி 4. அதோடு கலந்திருந்த கார்னெட்டும் ஏறத்தாழ 4, ரோடோனைட் மூன்றரைக்குச் சற்று மேல். மூன்றையும் எத்தனை அரித்தாலும் ஒன்றாகவே போகும். ஆகவே துத்தநாகம் மொத்தமும் கழிவாகக் குவிந்தது. கண்ணெதிரே லட்சக்கணக்கான டன் உலோகம் குப்பையாகக் கிடந்தது.

அதற்கு விடை சொன்னவர்களில் இருவர் மெல்போர்னின் பீர் தொழிலிலிருந்து வந்தவர்கள். சார்ல்ஸ் பாட்டர், கழிவுமண்ணைச் சூடான நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டார். மண்ணில் இருந்த கார்பனேட்டுகள் கரைந்து கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் கிளம்பின. சல்பைடு துகள்கள் குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே வந்தன, கார்னெட்டும் குவார்ட்சும் அடியிலேயே கிடந்தன. ஏறத்தாழ அதே சமயத்தில் பிஎச்பி-யின் பொதுமேலாளர் டெல்ப்ராட் அமிலத்துக்குப் பதில் சோடியம் பைசல்பேட் உப்பை வைத்து அதையே செய்தார். பாட்டர் வழக்குப் போட்டார். நியூ சவுத் வேல்ஸ் காப்புரிமை பற்றி விக்டோரியா நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 1906-இல் தள்ளுபடியானது. பீர் தொழிலிலிருந்து வந்த இன்னொருவர் அகஸ்டே டி பவே, பெல்ஜியத்தில் பிறந்த நொதித்தல் வேதியியலர், அவருக்கும் ஒரு தனி முறை. 1905-இல் கழிவு மேடுகளை வாங்கித் துத்தநாகம் எடுக்கவே ஜிங்க் கார்ப்பரேஷன் என்று ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதில் கைகோத்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அமெரிக்காவின் அதிபர்.

ஏன் சல்பைடு மட்டும் குமிழியில் ஏறியது என்பது இவர்களில் ஒருவருக்கும் தெளிவாகத் தெரியாது. ஏறுகிறது என்பது தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு தொழிலையே நிறுத்தினார்கள். ஆய்வுக்கூடம்தான் ஆலைக்கு வழிகாட்டும் என்று நாம் பள்ளியிலேயே பழகிவிட்டோம். இங்கே ஆலை முன்னால் போனது, ஆய்வுக்கூடம் கால் நூற்றாண்டு கழித்து மூச்சு வாங்க வந்து சேர்ந்தது.

ப்ரோக்கன் ஹில்: ஆலைக்குள்

ரயில் மூதாட்டி கொடுத்த சீட்டில் பெயர் இருந்தவர் எழுபதைத் தாண்டியவர். வாசலிலேயே காத்திருந்தார், கை கொடுத்த வேகத்தில் தலைக்கவசத்தையும் கொடுத்தார். அவருக்கு நான் முதல் நிமிடத்திலிருந்து “மேட்”. அவர் சிபாரிசில் ஓர் ஆலைக்குள் போக முடிந்தது.

உருளை ஆலையின் இரைச்சலில் பேச்சு கேட்காது. இரும்புப் பந்துகள் பாறையை மாவாக்குகின்றன. ஒரு துகளில் ஒரே கனிமம் இருக்கும் அளவுக்கு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அரைபட வேண்டும். அந்தக் குழம்பு பெரிய தொட்டிக்குப் போகிறது. அங்கேதான் மருந்து சேர்க்கிறார்கள். சாந்தேட். அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் மூக்கில் ஏறியது. அவர் ஆழமாக மூச்சிழுத்து, “வீட்டு வாசனை” என்றார்.

ஒரு டன் தாதுவுக்குச் சில பத்து கிராம் சாந்தேட் போதும். அதன் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். கந்தகம் இருக்கும் முனை கலீனாவின் ஈய அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனும் ஹைட்ரஜனுமான முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்குத் தண்ணீரோடு உறவில்லை. ஒரு மூலக்கூறு கனமுள்ள அந்தப் போர்வை விழுந்ததும் கலீனாவும் தண்ணீருக்கு அந்நியமாகிவிடுகிறது. கீழிருந்து வரும் குமிழி அதைத் தொட்டால் நடுவில் இருக்கும் நீர்ப்படலம் கிழிந்து விலகுகிறது, துகள் குமிழியில் ஒட்டுகிறது. உள்ளே எத்தனை கனம் என்ற கேள்வியே எழுவதில்லை. போர்வை போர்த்திய துகளை உள்ளே போய் யாரும் விசாரிப்பதில்லை.

முதல் வரிசைத் தொட்டிகளில் ஈய நுரை. அதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தேன். உருக்கிய வெள்ளி பொங்குவது மாதிரி பளபளத்து, தொட்டி விளிம்பில் வழிந்துகொண்டே இருந்தது. கலீனா ஒளியை அப்படித் திருப்பி அடிக்கிறது. அவர் கையுறையைக் கழற்றி நுரையை விரலால் வழித்து, வெளிச்சத்தில் காட்டினார். “குமிழி பெரிதாகி, நடுவில் ஜன்னல் மாதிரி தெளிந்தால் தாது போதவில்லை என்று அர்த்தம். விறைத்து நகராமல் நின்றால் மருந்து அதிகம்.” சுவரில் திரையும் எண்களும் இருந்தன, அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

இங்கே துத்தநாகம் மிதக்கக் கூடாது. ஈயத்தோடு அதுவும் வந்துவிட்டால் உலைக்காரன் அபராதம் போடுவான். ஸ்பேலரைட்டின் மேல் சாந்தேட் சரியாக ஒட்டாது, அதனால் தானாகவே அடங்கியிருக்க வேண்டும். அடங்குவதில்லை. நம் பாடப்புத்தகத்தில் சோடியம் சயனைடு துத்தநாகத்தின்மேல் ஒரு படலம் போட்டு அதை மிதக்கவிடாது என்று ஒரு வரி உண்டு. ஆலையில் கதை இன்னும் நீளமானது. அரைக்கும்போதே தாதுவிலிருந்து தாமிர அயனிகள் கரைந்து வந்து, ஸ்பேலரைட்டின் மேற்பரப்பில் துத்தநாகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பிறகு அந்தத் துகள் தாமிர சல்பைடு போலவே நடந்துகொள்ளும், சாந்தேட்டையும் பற்றிக்கொள்ளும். சயனைடு செய்யும் முக்கிய வேலை அந்தத் தாமிரத்தைக் கட்டிப்போடுவது. நஞ்சென்பதால் பல ஆலைகள் துத்தநாக சல்பேட்டை வைத்து ஒப்பேற்றுகின்றன.

ஈயம் போனபின் அதே குழம்பில் தாமிர சல்பேட்டை வேண்டுமென்றே ஊற்றுகிறார்கள். அதுவரை அடக்கி வைத்த துத்தநாகம் இப்போது தாமிர மேலாடையோடு மேலே வருகிறது. பழுப்பு நுரை, பளபளப்பு கம்மி. துத்தநாகத்தை இப்படி உசுப்பும் வித்தையை 1913 வாக்கில் கண்டுபிடித்தவர் இதே ஊரில் வேலை பார்த்த பிராட்ஃபோர்ட். அதற்கு முந்தைய ஆண்டு ஜிங்க் கார்ப்பரேஷனில் லைஸ்டர் என்பவர் ஈயத்தை முதலில் தனியாக மிதக்கவிட்டிருந்தார். அவர் விட்டது யூகலிப்டஸ் எண்ணெய். ஊட்டிக்குப் போனால் நாம் புட்டி புட்டியாக வாங்கி வருகிறோமே, அந்த நீலகிரித் தைலம்தான். நீலகிரிக்கு அந்த மரமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததாயிற்றே. சாந்தேட் இந்தத் தொழிலுக்கு வந்தது 1920-களில்.

வெளியே வந்ததும் காது அடைத்திருந்தது. தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: “தொட்டிக்குத் திரும்ப வரும் பழைய தண்ணீரை நம்பாதே மேட். அதில் மிச்சத் தாமிரமும் மிச்ச மருந்தும் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் தொட்டியிலேயே துத்தநாகத்தை எழுப்பிவிட்டுவிடும்.” தண்ணீர் இல்லாத ஊரில் ஒவ்வொரு சொட்டையும் திருப்பிப் பயன்படுத்தியாக வேண்டும், திருப்பினால் மேற்பரப்பு கெடும். 2019 முதல் முர்ரே ஆற்று நீர் 270 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. அதற்காக அவர் சிக்கனத்தைத் தளர்த்தவில்லை, எனக்கு ஊற்றியதில் மிஞ்சிய தேநீரைத் தெர்மாஸிலேயே திருப்பி ஊற்றினார்.

ப்ரோக்கன் ஹில்: பச்சை வேலி

ஊரின் மேற்கு ஓரத்தில் மாலை நடை. முல்கா மரங்களும் உப்புச்செடியும் அடர்ந்த ஒரு பட்டை. ஒரு காலத்தில் இங்கே ஒரு செடி கிடையாது. உலைக்கு விறகு வெட்டி, ஆடும் முயலும் மேய்ந்து, மிஞ்சியது புழுதி. புயல் அடித்தால் மணல் வேலியையே மூடும். ஆல்பர்ட் மாரிஸ் என்று சுரங்கத்தில் தாது சோதனை செய்கிறவர் ஒருவர், மனைவி மார்கரெட்டோடு சேர்ந்து உள்ளூர்ச் செடிகளைப் பல காலம் ஆராய்ந்தார். 1936-இல் ஜிங்க் கார்ப்பரேஷன் செலவில் வேலி போட்டார்கள். ஆடும் முயலும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டதும், மண்ணில் உறங்கிய விதைகள் தாமே முளைத்தன.

எங்கள் ஊரில் இதற்கு நேர்மாறு. வறண்ட நிலத்துக்கு விறகு வேண்டுமென்று வெளியிலிருந்து வந்த சீமைக்கருவேலம் கண்மாய், வரத்துக்கால், தரிசு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. மாரிஸ் தம்பதியைப் போல ஊர்ச்செடியை நம்பிய ஓர் ஆள் அன்றைக்கு நமக்கு வாய்த்திருக்கலாம் என்ற ஏக்கம் அந்த வேலி ஓரம் முழுக்கக் கூடவே வந்தது.

பீட்டர்பரோ

தெற்கே போகும் சாலையில் மணிக்கணக்கில் எதிரே வண்டி வராது. வந்தால் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார், நாமும் உயர்த்த வேண்டும். பீட்டர்பரோ மூன்று அகலத் தண்டவாளங்கள் சந்தித்த ரயில் ஊர். ஒரு காலத்தில் ப்ரோக்கன் ஹில் தாது முழுக்க இந்த வழியாகப் போனது. இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது, நல்ல பேஸ்டி கிடைக்கிறது, அந்தி சாய்வதற்குள் தெரு காலியாகிவிடுகிறது.

போர்ட் பிரி

205 மீட்டர் உயரப் புகைபோக்கி ஊருக்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. 1889-இலிருந்து இங்கே ஈயம் உருக்குகிறார்கள். துத்தநாகத் தாதுவின் பயணம் வேறு. முதல் உலகப் போர் வரை அது ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் கப்பலேறியது. போர் வந்து வழி அடைத்ததும் டாஸ்மேனியாவின் ரிஸ்டனில் ஆலை எழுந்தது.

இந்த ஊர் மீனவர்களில் பலருடைய பாட்டன்மார் இத்தாலியின் மொல்ஃபெட்டாவிலிருந்து வந்தவர்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு உணவகத்தில் வொயிட்டிங் மீனை மாவில் புரட்டிப் பொரித்துக் கொடுத்தார்கள். நம் கிழங்கா மீனின் ருசி. சமைத்த அம்மாள் எனக்குக் காரம் வேண்டியிருக்கும் என்று தானாகவே மிளகாய் ஊறிய எண்ணெயைக் கொண்டுவந்து வைத்தார்.

அவர் மகள் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று சோதித்து வந்திருந்தாள். இந்த ஊரில் இது 1980-களிலிருந்து நடக்கும் வழக்கம். ஜன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடைப்பது, வெளியே விளையாடி வந்தால் கை கழுவுவது, மழைநீரைக் குழந்தைக்குக் கொடுக்காதது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆலையில் ஒரு மூலக்கூறு கனமுள்ள போர்வையை வைத்து ஈயத்தையும் துத்தநாகத்தையும் பிரிக்கத் தெரிந்த மனித இனம், அந்த ஈயத்தின் தூசியைக் குழந்தையின் விரலிலிருந்து விலக்கி வைக்க இன்னும் ஈரத்துணியை நம்பியிருக்கிறது. இந்தத் தொழிலின் சாதனையைப் பற்றி வியந்து எழுத வந்தவன் நான். இதை எழுதாமல் அதை எழுதுவது முறையாகாது.

அடிலெய்ட்: மாசன் லேக்ஸ்

இங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் 1994-இல் தொடங்கிய மேற்பரப்பு ஆய்வு நிறுவனத்துக்கு இயன் வார்க் பெயரை வைத்தார்கள். 1930-களில் மெல்போர்னில் ஆல்வின் காக்ஸோடு சேர்ந்து, ஆலைக்காரர்களின் கைப்பழக்கத்துக்குக் காரணம் கண்டவர் வார்க். அவர் செய்த சோதனை எளிது. தண்ணீருக்குள் மெருகேற்றிய தாதுத் துண்டு. அதன்மேல் ஒரு காற்றுக் குமிழியை அழுத்துவது. குமிழி ஒட்டினால், தொடும் விளிம்பில் நீரின் பக்கமாகக் கோணத்தை அளப்பது. சுத்தமான கலீனாவில் குமிழி ஒட்டாது, கோணம் சுழி. எத்தில் சாந்தேட் சேர்த்தால் சுமார் 60 பாகை. ஆச்சரியம் அதற்குப் பிறகு. கலீனாவை எடுத்துவிட்டு இரும்பு சல்பைடான பைரைட்டை வைத்தாலும் 60, தாமிரம் ஏற்றிய ஸ்பேலரைட்டை வைத்தாலும் 60. சாந்தேட்டின் வாலை நீட்டினால் மட்டும் கோணம் மாறுகிறது. குமிழி பார்ப்பது தாதுவை அல்ல, போர்வையை. ப்ரோக்கன் ஹில்லின் இரைச்சலில் கண்ணால் பார்த்தது இங்கே ஓர் எண்ணாக நின்றது. 

ஆய்வுக்கூடத்தில் என்னை உட்கார வைத்துப் பேசியவர் சிலி நாட்டு மாணவர். அவர்கள் ஊர் அடகாமா பாலைவனம், எங்கள் சிவகங்கையும் ப்ரோக்கன் ஹில்லும் அதன் முன்னால் சோலை. அங்கே சில தாமிரச் சுரங்கங்கள் நன்னீருக்கு வழியில்லாமல் கடல்நீரையே தொட்டிக்கு ஏற்றுகின்றன. பைரைட்டை அடக்கச் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டுவது வழக்கம். கடல்நீரில் அப்படிக் கூட்டினால் மக்னீசியம் ஹைட்ராக்சைடு படிந்து மாலிப்டினைட்டின் மேல் அப்பிக்கொள்கிறது. மாலிப்டினைட், கிராபைட்டைப் போலவே பிறவியில் தண்ணீரை ஒதுக்கும் கனிமம், மருந்தே தேவையில்லை. மக்னீசியம் அப்பியதும் தண்ணீரோடு சேர்ந்து கழிவுக்குப் போய்விடுகிறது.

எங்கள் ஊர் கிராபைட்டைப் பற்றிச் சொன்னேன். தாளை எடுத்து அதன் தகடு தகடான அமைப்பை வரைந்தார். தகட்டின் முகம் தண்ணீரை ஒதுக்கும், ஓரம் ஒதுக்காது, ஆகவே அளவுக்கு மீறி அரைத்தால் ஓரம் கூடி மிதப்பு குறையும் என்று விளக்கினார். மாலிப்டினைட்டுக்கும் இதே கணக்கு. சுண்ணாம்பை விட்டுவிட்டு, கடல்நீரின் இயல்பான காரத்தன்மையிலேயே பைரைட்டை அடக்க சோடியம் மெட்டாபைசல்பைட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட தாதுவில் அது நன்றாக வேலை செய்கிறது. களிமண் அதிகமுள்ள இன்னொன்றில் தடுமாறுகிறது. ஏன் என்று கேட்டேன். களிமண் பூச்சு ஒன்று நடுவில் புகுந்துகொள்வதாக அவருக்குச் சந்தேகம், அடுத்த வாரம் வரவிருந்த தாதுச் சாக்குகளில் அதைச் சோதிக்க அட்டவணை போட்டு வைத்திருந்தார்.